வெளி எஸ்எஸ்டியிலிருந்து டெஸ்க்டாப்பைத் துவக்குவது: ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஒரு வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடி வரை எந்த ஜெராக்ஸ் கடையிலும், எந்த ஐஸ் கம்பெனியின் கணக்கு மேசையிலும் ஒரே குறைதான் காதில் விழும்: “சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கணும்.” வாங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்தக் கணினிக்குள் இருப்பது பழைய ஹார்டு டிஸ்க் என்றால், நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அதுதான். பிராசஸர் ஓரளவுக்கு இருந்து, ரேம் 8 ஜிபி இருந்தால், கணக்கு எழுதவும் விண்ணப்பம் போடவும் அந்த மெஷினே இன்னும் சில வருடம் ஓடும்.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை அதன்மேல் இடம்விட்டு இடம் நகர்கிறது. ஒரு பெரிய வீடியோவை வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும் அதே டிஸ்க், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடும்போது விநாடிக்கு ஒரு எம்பி அளவுக்குச் சரிந்துவிடும். விண்டோஸ் துவங்குவது என்பதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலை. எஸ்எஸ்டி என்பது தகவலைச் சிப்களில் வைக்கும் டிரைவ். அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. அதனால்தான் அதே கணினி வேறு கணினி மாதிரி ஆகிவிடுகிறது.

நம் பக்கத்துக்கு உப்புக்காற்று ஒரு தனிச் சிக்கல். கச்சான் வீசும் மாதங்களில் சிபியு பெட்டிக்குள்கூடப் பிசுபிசுப்பு படிந்திருக்கும். ஹார்டு டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டின் இணைப்புப் புள்ளிகள் கறுத்துப்போவதை மண்டபத்திலும் பாம்பனிலும் சர்வீஸ் வேலை செய்பவர்கள் அடிக்கடி பார்ப்பார்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெட்டியைத் திறக்க முடியும், வாரண்டி முடிந்துவிட்டது, கணினி ஓர் இடத்திலேயே இருக்கப்போகிறது என்றால், சாதாரண சாட்டா எஸ்எஸ்டியை (ஹார்டு டிஸ்க்கின் அதே வகை வயரில் மாட்டுவது) உள்ளேயே மாட்டுங்கள். அதுதான் மலிவு, அதுதான் உறுதி. யூஎஸ்பி போர்ட்டில் வெளியே மாட்டும் வெளி எஸ்எஸ்டி யாருக்கு? வாரண்டி சீலை உடைக்க முடியாதவர்களுக்கு, ஐமேக் போலத் திறக்கவே கஷ்டமான மெஷின் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு, வீட்டிலும் கடையிலும் ஒரே அமைப்பில் வேலை செய்ய வேண்டியவர்களுக்கு. அப்புறம், புயல் எச்சரிக்கை வந்தால் தாழ்வான இடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டியவர்களுக்கு. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சட்டைப் பையில் போடும் அளவுள்ள டிரைவை எடுத்துக்கொண்டு போகலாம்.

வாங்குவதற்கு முன்: போர்ட்டைப் பாருங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறங்கள். இரண்டு வரிகள் வேண்டும். ‘பேஸ்போர்டு ப்ராடக்ட்’ என்ற வரி மதர்போர்டின் பெயரைச் சொல்லும். ‘பயோஸ் மோட்’ என்ற வரியில் யூஈஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். பயோஸ் என்பது கணினியைப் போட்டவுடன் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்; யூஈஎஃப்ஐ அதன் புதிய முறை, லெகசி பழைய முறை. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது சிபியுவின் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்குள் பெரும்பாலும் நீல நிறப் பிளாஸ்டிக் இருக்கும், அல்லது பக்கத்தில் ‘எஸ்எஸ்’ என்று குறி இருக்கும். யூஎஸ்பி 3.0 வழியாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 400 எம்பியைத் தாண்டித் தரும். யூஎஸ்பி 2.0 என்றால் 35, 40 எம்பியோடு நின்றுவிடும். சிறு கோப்புகளைத் தேடுவதில் அப்போதும் ஹார்டு டிஸ்க்கைவிட மேல்தான், ஆனால் போட்ட பணத்துக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

இந்த இடத்தில் பலரும் சறுக்குகிறார்கள். எச்61 வகை மதர்போர்டு நம் கடைகளில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போர்டின் முக்கியச் சிப்பான சிப்செட்டிலேயே யூஎஸ்பி 3.0 கிடையாது, இன்டெல் அதைச் சிப்செட்டுக்குள் கொண்டுவந்தது 2012-இல், 7-ஆம் வரிசையில்தான். சில எச்61 போர்டுகளில் மட்டும் தனிச் சிப் வைத்து இரண்டு நீலப் போர்ட் கொடுத்திருப்பார்கள். “அதற்கென்ன, யூஎஸ்பி 3.0 கார்டு ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்கிறேன்” என்று கிளம்பாதீர்கள். விண்டோஸ் ஏறிய பிறகு அந்தக் கார்டு வேலை செய்யும். ஆனால் பழைய பயோஸ்கள் பெரும்பாலும் கார்டில் மாட்டிய டிரைவிலிருந்து துவக்காது. அப்படிப்பட்ட போர்டுக்கு உள்ளே மாட்டும் சாட்டா எஸ்எஸ்டிதான் சரியான வழி.

டிரைவை எப்போதும் பின்பக்கப் போர்ட்டில் மாட்டுங்கள், அது மதர்போர்டோடு நேராக இணைந்தது. முன்பக்கப் போர்ட் உள்ளே ஒரு நீண்ட வயர் வழியாக வருகிறது. மின்சாரம் குறைந்து டிரைவ் நடுவில் அறுந்துபோகும் தொல்லை அங்கேதான் அதிகம். யூஎஸ்பி ஹப் வேண்டவே வேண்டாம்.

எதை வாங்குவது

பென் டிரைவில் விண்டோஸ் போட்டு அன்றாடம் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சின்னச் சின்ன எழுத்துகளைத் தொடர்ந்து தாங்க அது செய்யப்படவில்லை. தயார்நிலையில் விற்கும் வெளி எஸ்எஸ்டி ஒன்றோ, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் அதற்கான யூஎஸ்பி 3.0 கேசிங்கும் தனித்தனியாகவோ வாங்குங்கள். எனக்குப் பின்னது பிடிக்கும். நாளைக்கு மனம் மாறினால் கேசிங்கைக் கழற்றிவிட்டு அதே எஸ்எஸ்டியைக் கணினிக்குள் மாட்டிக்கொள்ளலாம். கேசிங் ‘யூஏஎஸ்பி’ முறையை ஆதரிக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். பல கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பும் முறை அது, வேகத்தில் நன்றாகவே தெரியும். என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி இன்னும் வேகம்தான், ஆனால் சூடாகும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத கடைக்கு அது அவசியமில்லை. அதையே வாங்குவதென்றால் அலுமினியக் கேசிங்காகப் பாருங்கள்.

அளவு 500 ஜிபி எடுத்தால் நிம்மதி. 256 ஜிபியும் ஓடும். சில ஆயிரம் ரூபாய்க்கு ‘16 டிபி வெளி எஸ்எஸ்டி’ என்று ஆன்லைனில் வருவதெல்லாம் போலி. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பெரிதாகக் காட்டுவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொல்வதுண்டு. நல்லதுதான், அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் பத்திரப்படுத்த வேண்டியவை

கடைக் கணக்கு, போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரம் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸின் செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ அல்லது ‘பிட்லாக்கர்’ என்று தேடுங்கள். அது இயக்கத்தில் இருந்தால், மீட்புச் சாவியாகிய 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயோஸில் கைவைத்த பிறகு கணினி அந்த எண்ணைக் கேட்கக்கூடும். எண் இல்லையென்றால் உள் டிஸ்க்கில் உள்ளது திரும்பக் கிடைக்காது.

டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பழைய விண்டோஸில் இருக்கும்போதே உரிமத்தை ‘சரண்டர்’ செய்துவிடுங்கள். புதிய அமைப்பில் மறுபடி ஆக்டிவேட் செய்ய அதுதான் நேர்வழி. இ-சேவை வேலை பார்ப்பவர்கள் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றின் டிரைவர் மென்பொருளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். விசைப்படகுக் கணக்கு எழுதுபவர்களுக்கு இந்த மாற்றத்தைச் செய்ய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தைவிட நல்ல நேரம் கிடையாது. ஒருநாள் கணினி நின்றாலும் ஏலக் கணக்கு நிற்காது.

விண்டோஸா, லினக்ஸா

டாலி, பழைய வானவில் அல்லது பாமினி எழுத்துருவில் ஓடும் பேஜ்மேக்கர், கைரேகைக் கருவி இவற்றில் ஏதாவது வேண்டும் என்றால் விண்டோஸ். பிள்ளைகளின் படிப்பு, இணையம், கடிதம், கணக்குத் தாள் மட்டும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போதும். பழைய கணினியில் அது இலகுவாக ஓடும், காசும் கிடையாது, தமிழ்நெட் 99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிபந்தனை. கோர் 2 டுயோ காலத்துக் கணினியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு துவங்கவே துவங்காது. அந்தப் பிராசஸரில் இல்லாத ஒரு கட்டளையை அது கேட்கிறது. அப்படிப்பட்ட மெஷினுக்கு நான் யோசிக்காமல் மின்டைத்தான் சொல்வேன்.

விண்டோஸ் வழி

விண்டோஸின் வழக்கமான நிறுவல் முறை யூஎஸ்பி டிரைவில் ஏற மறுத்துவிடும். ‘விண்டோஸ் டு கோ’ என்று அதற்கென்றே ஒரு வசதியை மைக்ரோசாஃப்ட் வைத்திருந்தது, 2020-இல் எடுத்துவிட்டது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் அதே வேலையை இன்றும் செய்து தருகிறது.

மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு நிறுவல் தொகுப்பும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். எஸ்எஸ்டியை மாட்டி, மற்ற பென் டிரைவ்களையெல்லாம் கழற்றிவிட்டு, ரூஃபஸைத் திறங்கள். டிரைவ் பட்டியலில் எஸ்எஸ்டி தெரியவில்லையா? ‘அட்வான்ஸ்டு டிரைவ் ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியை விரித்து, ‘லிஸ்ட் யூஎஸ்பி ஹார்டு டிரைவ்ஸ்’ என்பதில் டிக் போடுங்கள். தெரிந்ததும் அளவைப் பார்த்து இது அதுதானா என்று உறுதிசெய்யுங்கள், ஏனென்றால் தேர்ந்தெடுத்த டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

ஐஎஸ்ஓவைக் காட்டியதும் ‘இமேஜ் ஆப்ஷன்’ என்ற இடத்தில் ‘விண்டோஸ் டு கோ’வைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ‘பார்ட்டிஷன் ஸ்கீம்’ என்ற இடத்தில், தாளில் எழுதிய பயோஸ் மோட் யூஈஎஃப்ஐ என்றால் ‘ஜிபிடி’, லெகசி என்றால் ‘எம்பிஆர்’. ஸ்டார்ட் அழுத்தினால் எந்தப் பதிப்பு என்று கேட்கும். கணினியில் இப்போது உள்ள அதே பதிப்பைச் சொன்னால், இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் உரிமம் தானாகவே ஏறிவிடும். அடுத்து வரும் சின்னப் பெட்டியில் உள் டிஸ்க்குகளைப் பார்க்கவிடாமல் தடுக்கட்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். பழைய கோப்புகள் உள் டிஸ்க்கில் இருக்கின்றன, அவை வேண்டும் என்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்கள் வரும். ஆனால் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தாவும் பெரிய அப்டேட் ஏறாது. அதற்கு மறுபடி ரூஃபஸில் புதிதாக எழுத வேண்டும். கோப்புகளை உள் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் இது பெரிய வலியாகத் தெரியாது.

லினக்ஸ் வழி, உள் டிஸ்க்கைக் கழற்றும் வேலை

மின்டின் ஐஎஸ்ஓவை ரூஃபஸ் மூலமாக ஒரு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். இது நிறுவுவதற்கு மட்டும். மின்ட் போய் உட்காரப்போவது எஸ்எஸ்டியில்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான படி. பென் டிரைவிலிருந்து நிறுவத் தொடங்கும் முன், உள் ஹார்டு டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். “நான்தான் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுக்கிறேனே, கழற்றுவது எதற்கு?” என்று தோன்றும். மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ்களின் நிறுவல் மென்பொருள், நீங்கள் வெளி டிரைவைக் காட்டினாலும் துவக்கக் கோப்பை உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும் பழக்கம் உடையது. முதலில் எல்லாம் நன்றாக ஓடும். எஸ்எஸ்டியைக் கழற்றிய அன்று உள் விண்டோஸ் வராமல் கறுப்புத் திரை நிற்கும். எஸ்எஸ்டியை வேறு கணினியில் மாட்டினால் அங்கேயும் துவங்காது. சாவி ஒரு வீட்டிலும் பூட்டு இன்னொரு வீட்டிலும் இருக்கிற கதை. உள் டிஸ்க் கண்ணிலேயே படவில்லை என்றால் இந்தக் கோளாறுக்கு வழியே இல்லை.

கழற்றுவது எளிது. கணினியை முழுமையாக நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைத் திறந்து, பெட்டியின் வெறும் உலோகத்தைக் கையால் ஒருமுறை தொடுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய தட்டை வயர்தான் சாட்டா கேபிள். அதன் கிளிப்பை அழுத்தி நேராக இழுங்கள். சீல் போட்ட பெட்டி என்றால், பயோஸில் அந்தச் சாட்டா போர்ட்டை ‘டிஸேபிள்’ செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் உண்டு.

ரூஃபஸில் விண்டோஸ் எழுதியவர்களும் முதல் துவக்கத்தை உள் டிஸ்க் இல்லாமல்தான் செய்ய வேண்டும். எஸ்எஸ்டி தன் காலில் நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பென் டிரைவிலிருந்து துவக்கி (அதற்கான பட்டன் அடுத்த பகுதியில்) மின்ட் நிறுவும்போது ‘இரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், இப்போது அழிவதற்கு எஸ்எஸ்டியைத் தவிர வேறு டிஸ்க் இல்லை. டிரைவைக் கையில் எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அங்கேயே என்க்ரிப்ஷனையும் போட்டுவிடுங்கள். பேருந்தில் தொலைந்தாலும் உங்கள் கணக்கு யார் கண்ணிலும் படாது. நேர மண்டலம் கொல்கத்தா. நிறுவி முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

எந்தப் பட்டன்

கணினியைப் போட்டவுடன் துவக்கப் பட்டியலை வரவழைக்கும் பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவா, ஏசர், கிகாபைட் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஏசுஸ் போர்டில் எஃப்8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் இரண்டிலும் எஃப்11. இன்டெல் ஐமேக்கில் ஆப்ஷன் பட்டனைப் பிடித்துக்கொண்டே போட வேண்டும். 2020 மாடல் 27 அங்குல ஐமேக்கில் வெளி டிரைவிலிருந்து துவக்க முதலில் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள், திரை வரும்வரை தட்டிக்கொண்டே இருங்கள்.

பட்டியலில் ஒரே எஸ்எஸ்டி இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் ‘யூஈஎஃப்ஐ’ என்று இருக்கும். ஜிபிடியில் எழுதியவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். எஸ்எஸ்டி பட்டியலிலேயே இல்லை என்றால் பயோஸுக்குள் போய் ‘ஃபாஸ்ட் பூட்’டை அணையுங்கள்; நேரத்தை மிச்சப்படுத்த அது யூஎஸ்பியைப் பார்க்காமலே போய்விடும். நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் ‘செக்யூர் பூட்’டில் உடனே கைவைக்க வேண்டாம். மின்டும் விண்டோஸும் அது இருக்கும்போதே துவங்கக்கூடியவை.

சரியாகத் துவங்கியதும், பயோஸில் துவக்க வரிசையின் முதல் இடத்தில் எஸ்எஸ்டியை வைத்துச் சேமியுங்கள். அணைத்துவிட்டு, பிளக்கை உருவி, உள் டிஸ்க்கைத் திரும்ப மாட்டுங்கள். பழைய விண்டோஸை உடனே அழிக்காதீர்கள். பிரிண்டர், டாலி, கைரேகைக் கருவி எல்லாம் புதியதில் ஒழுங்காக ஓடுவது தெரிந்தபிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம். மின்டில் உள் டிஸ்க்கைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால், காரணம் பழைய விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’. அந்த விண்டோஸுக்குள் போய், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டு வாருங்கள்.

அன்றாடம்

கணினி ஓடும்போது அந்த கேபிளை யாரும் தொடக்கூடாது. உருவினால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிடும். டிரைவைச் சிபியுவின் பின்பக்கமாக டேப் போட்டு ஒட்டிவைப்பது நல்லது, கடையில் துடைப்பம் படாத இடத்தில். ‘ஸ்லீப்’பை அணைத்துவிடுங்கள், தூங்கும்போது போர்ட்டுக்கு மின்சாரம் நின்றால், எழும்போது டிரைவைக் காணாமல் கணினி திணறும். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இதை ஓட்ட வேண்டாம். ஏற்கெனவே யூபிஎஸ் இருந்தால், பேட்டரி இரண்டு நிமிடமாவது தாங்குகிறதா என்று யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிப் பாருங்கள்.

யூஎஸ்பி முனையில் பச்சை படிந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். எடுத்துப்போகும்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போடுங்கள். ஹார்டு டிஸ்க் சாவதற்கு முன் பெரும்பாலும் டிக் டிக்கென்று சத்தம் போடும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் போய்விடும். வாரம் ஒருமுறை கணக்கை உள் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், மழைக்காலத்தில் இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும்.

கரண்ட் போய் வந்ததும் பழைய விண்டோஸே வருகிறதா

எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள வட்டமான பேட்டரி தீர்ந்துவிட்டது. பயோஸ் அமைப்புகளை மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பது அதுதான். அது தீர்ந்தால் நீங்கள் வைத்த துவக்க வரிசை மறந்துபோகும், தேதி தப்பாக இருப்பதால் அரசு இணையதளங்களும் வங்கித் தளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று மறுக்கும். அதன் பெயர் சிஆர்2032. கடிகாரக் கடையிலும் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. பிளக்கை உருவிவிட்டு மாற்றுங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பிறகு பயோஸுக்குள் போய்த் தேதி, நேரம், துவக்க வரிசை, ஃபாஸ்ட் பூட் நான்கையும் மறுபடி அமைத்துச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.